ஹபுவிதைக் கைவண்ணமும் உரிமைச் சட்டமும்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், காட்டின் நடுவே தனித்து நிற்கும் சிகிரியாக் குன்றில் இருவகை மனிதர் தம் கைச்சுவடுகளை விட்டுச் சென்றிருக்கின்றனர். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்ப மன்னன் அங்கே தன் அரண்மனையை எழுப்பிய காலத்தில், செங்குத்தான பாறையின் முகத்திலே இன்றும் வண்ணம் மாறாமல் நிற்கும் பெண்டிர் உருவங்களைத் தீட்டிய ஓவியர் யாவர் என்பதை எந்தச் சாசனமும் சொல்வதில்லை. அவ்வோவியங்களைக் காண எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வந்த யாத்திரிகரோ, கண்ணாடிபோல் மெருகிட்ட சுவரின்மீது தாம் கண்ட அழகைப் பாட்டாக்கிக் கீறியதோடு நில்லாமல், இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் யாம், இதனை எழுதியவர் யாமே என்று தம் பெயரையும் பொறித்துச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான நெடுங்காலம் உழைத்துப் படித்து, 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட 685 பாக்களில் இத்தகைய பெயர்கள் பல உள்ளன.

பாட்டெழுதியவன் பெயரைப் பொறித்தான். சித்திரம் தீட்டியவன் பொறிக்கவில்லை. பதிப்புரிமை என்றும் வடிவமைப்புரிமை என்றும் இந்நாளில் வழங்கும் சட்டங்கள் அனைத்தும் பெயர் பொறித்தவனுக்காகவே பிறந்தவை. பெயர் பொறியாது தலைமுறை தலைமுறையாக ஒரே கோலத்தை வரைந்து வந்தவனுக்கு அச்சட்டங்களில் என்ன இடம் என்னும் கேள்விக்கு மாத்தளையின் கைப்பணி வரலாற்றைக் காட்டிலும் தகுந்த உரைகல் எனக்குத் தோன்றவில்லை. அண்மைக்காலத்தில் உலகெங்கும் இச்சட்டங்கள் மாறிவரும் வேளையில் அவ்வரலாற்றை ஒருமுறை நிதானமாக நினைவுகூர்வது பிரயோஜனமுடையது.

மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியின் ஓரத்தில், பாறைகளின் இடுக்கிலே அமைந்திருக்கிறது அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பாளி திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இவ்விடத்திலேதான் என்பது பௌத்த மரபு. மகாவமிசம் எழுதப்பட்ட செய்தியைக் கூறுகிறது. இடத்தைக் கூறுவது பின்வந்த ஐதிகம். பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், ஓதுவார் மறைந்தால் ஓதப்படுவதும் மறைந்துபோம் என்று அஞ்சிய துறவிகள் நூலை ஓலையில் ஏற்றினர். அன்று தொடங்கி, ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவது அந்நாட்டில் புண்ணிய காரியமாயிற்று. பிரதி செய்தவன் தன் உழைப்பின் பலனாக விரும்பியது மறுமையின் நன்மையையே. பிறன் பிரதி செய்யலாகாது என்று தடுப்பது அவன் கனவிலும் எழாத எண்ணம். நம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஏடு காத்த புலவர் வீடுகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நூல் பெருகப் பெருக அதன் ஆயுள் பெருகியது. பிரதி செய்தல் களவாகக் கருதப்படவில்லை.

மாத்தளைக்கு வடக்கே தம்புள்ளைக் குகைகளின் கூரையையும் சுவர்களையும் மூடிநிற்கும் ஓவியங்களில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னன் ஆட்சியில், பழைய சித்திரங்களின்மேல் புதிதாகத் தீட்டப்பட்டவை. அவற்றை இதே மாவட்டத்தைச் சேர்ந்த நீலகம என்னும் ஊரின் ஓவியப் பரம்பரையாருக்கு உரியனவாகக் கூறுவர். தகப்பன் வரைந்த தாமரையையே மகனும் வரைந்தான். மகன் வரைந்ததையே பேரனும் வரைந்தான். பார்த்து வரைதலே அங்கே கல்வி. மாறாமல் வரைதலே அங்கே தேர்ச்சி. இன்றைய வடிவமைப்புச் சட்டம் ஒரு கோலத்தைப் பதிவு செய்வதற்கு விதிக்கும் முதல் யோக்கியதை அது புதியதாக இருத்தல் வேண்டும் என்பது. நீலகம ஓவியனின் பெருமையெல்லாம் தன் சித்திரம் பழையதற்குப் பிசகாதது என்பதிலே இருந்தது.

இக்கட்டுரைக்கு நடுநாயகமான ஊர் ஹபுவித. மாத்தளைப் பகுதியைச் சேர்ந்த அவ்வூரின் அரக்கு வேலையை நகவேலை என்று சிங்களவர் வழங்குவர். கண்டி மாவட்டத்து ஹுரிகடுவ முதலிய இடங்களில் அரக்கைக் கடைசலில் ஏற்றும் முறை உண்டு; சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது உருகி மரத்தைச் சுற்றிப் பற்றிக்கொள்ளும். அதனால் வளையங்களும் பட்டைகளும் விரைவிலே விளையும். ஹபுவிதையின் முறை அதற்கு முற்றிலும் வேறானது.

அதனைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். கரி நெருப்பின் முன் அமர்ந்த கைவினைஞன், உருகிய அரக்கை இரு குச்சிகளின் முனைகளில் பற்றி இழுப்பான், இழுத்ததை மடிப்பான், மடித்ததைத் தட்டுவான், மறுபடியும் இழுப்பான். இப்படிப் பலமுறை செய்தபின்னரே அரக்கு தன் முறுகல் நீங்கி, நூலாக நீளும் பதத்தை அடையும். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம் என்று வண்ணங்கள் அந்நிலையிலேயே அதனுடன் பிசையப்படும். சூடேற்றிய மரத்தின்மேல் முதலில் ஒரு நிறத்தைத் தளமாகப் பூசிக்கொண்டு, வேறு நிறத்து அரக்கை மெல்லிய இழையாக இழுத்து, அவ்விழையை மரத்தின்மேல் வளைத்து ஒட்டி, வேண்டிய இடம் வந்ததும் பெருவிரல் நகத்தினால் கிள்ளித் துண்டிப்பான். அதற்கென்றே அந்நகம் வளர்க்கப்பட்டிருக்கும். ஒட்டிய இழைகள் தளத்தோடு ஒன்றிச் சமமாகும்படி மீண்டும் சூடுகாட்டி, தாளிப்பனை ஓலையின் நறுக்கினால் தேய்த்து மெருகிடுவான். இதழ் வரிசை, கொடி, சங்கிலி, கயிற்று முறுக்கு, அரசிலை என்று அவன் கைக்கு வசமான கோலங்கள் ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெற்றவை. அப்பெயர்களைத் தச்சனும் பொற்கொல்லனும் ஓவியனும் அறிவர். கோலங்களின் அகராதி எல்லோருக்கும் பொது. ஆனால் இழையை எவ்வளவு மெல்லியதாக இழுப்பது, எந்தச் சூட்டில் கிள்ளுவது என்ற இரகசியம் அந்த வீட்டுக்கே உரியது.

இவ்வாறு அழகு பெற்றவை கைத்தடிகள், கொடிக் கம்புகள், ஈட்டிப் பிடிகள், ஆலவட்டக் காம்புகள், சுண்ணாம்புச் செப்புகள், ஓலை ஏடுகளின் மேலும் கீழும் வைக்கும் மரச் சட்டங்கள். அலுவிகாரை மரபில் எழுத்தாளன் எழுதிய ஏட்டை ஹபுவித மரபில் வந்த அரக்குச் சட்டம் மூடிக் காத்தது என்பதை எண்ணும்போது, நூலும் அதன் கோலமும் ஒரே பிரதேசத்தில் ஒன்றுக்கொன்று துணையாக வாழ்ந்தமை விளங்கும்.

கண்டி அரசின் காலத்தில் இக்கலைஞர் சட்டத்தின் பாதுகாப்பின்றி இருந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. அரசனுக்கென நான்கு பட்டறைகள் இருந்தன. ஊரிலிருந்த கைவினைஞர் தம் ஊழியத்துக்கு ஈடாக 'பங்கு' எனப்படும் நிலத்தை அநுபவித்தனர். அரக்கு வேலை செய்வோன் அரசனுக்கோ, பிரதானிக்கோ, விகாரைக்கோ ஆண்டுதோறும் இன்ன கம்பும் இன்ன தடியும் செலுத்த வேண்டும். அதற்குப் பிரதியாக அவன் வயலை எவரும் பறிக்கலாகாது. அவன் தொழிலைப் பிறர் கைக்கொள்வதைச் சாதிக் கட்டுப்பாடு தடுத்தது. இதனை நான் பொற்காலம் என்று போற்ற முன்வரவில்லை. பிறப்பினால் ஒருவனை ஒரு பட்டறையிலே கட்டிவைத்து, வேறு தொழிலுக்குப் போகும் வழியை அடைத்த ஏற்பாட்டில் கொடுமை மிகுதியாகவே இருந்தது. எனினும் உண்மையை மறைக்கலாகாது: கோலத்துக்கும் அதை வரைபவனின் உணவுக்கும் இடையே அந்த ஏற்பாட்டில் நிச்சயமான ஒரு பந்தம் இருந்தது. அந்தப் பந்தம் அறுந்தபோது அதற்கு ஈடாக வேறொன்று வைக்கப்படவில்லை என்பதே பின்வந்த காலத்தின் குற்றம்.

1815ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கண்டி பிரித்தானியர் கைக்கு மாறியது. 1832இல் அரச ஊழியமுறை ஒழிக்கப்பட்டது. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களில் மட்டும் அது எஞ்சி நின்று, 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பணமாகச் செலுத்தித் தீர்க்கக்கூடிய கடனாகச் சுருங்கியது. இதற்குள் மாத்தளையின் மலைச்சாரல்கள் கோப்பித் தோட்டங்களாகிவிட்டன. தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக வந்த நம் மக்களின் நெடும்பயணம் முடிவுற்ற இடம் மாத்தளை. வழியிலே மாண்டவர் தொகை பெரிது. 1880ஆம் ஆண்டில் புகையிரதம் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. கோப்பியை ஏற்றிச் சென்ற அதே பாதை வழியாக இயந்திரத்தில் செய்த சாமான்களும் இரசாயனச் சாயங்களும் ஊருக்குள் புகுந்தன. சுண்ணாம்புச் செப்புக்கு ஹபுவிதைக்குப் போகவேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது.

இங்கே இங்கிலாந்தின் கதையைச் சிறிது கூறாமல் அப்பால் செல்ல இயலாது. வடிவமைப்புகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் முதன்முதலாக 1787இல் இயற்றப்பட்டது. துணியில் அச்சிடும் புதிய கோலத்துக்கு இரண்டே மாத உரிமையை அது வழங்கிற்று. அந்தத் துணியச்சுத் தொழில் அங்கே எவ்வாறு வேரூன்றியது? சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணத் துணிகள் இலண்டன் மாதரின் மனத்தைக் கவர்ந்தன. உள்நாட்டு நெசவாளர் முறையிட்டனர். 1700இலும் 1721இலும் சட்டங்களால் அத்துணிகள் தடுக்கப்பட்டன. அதற்கிடையே இந்தியக் கோலங்களைப் பார்த்து அச்சிடும் பட்டறைகள் அங்கேயே பெருகின. நம் கரையின் ஓவியர் எவருக்கும் எந்த உரிமையும் வழங்காது வளர்ந்த தொழில், தன் பட்டறைக் கோலத்தை அயல் பட்டறைக்காரன் எடுத்துக்கொண்டபோது, அதனைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் பெற்றது. இவ்வாறு பிறந்த சட்ட வமிசத்தின் வழித்தோன்றல்களே பின்னர்க் குடியேற்ற நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் 1912 முதல் இலங்கையிலும் ஆட்சி செய்தது. சுதந்திரம் வந்தபின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே நாட்டின் சட்டமாயிருந்தது.

அச்சட்டம் இலங்கைக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மாத்தளைக் கைவினைஞரின் வாசலுக்கு வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வராக 1877இல் கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சித் தலைவராகப் பணியாற்றிய அப்பெரியார், பாறைகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றபோது பாறைகளினும் அரியவை சிலவற்றைக் கண்டார். அழிந்துகொண்டிருந்த கைப்பணிகளை அவர் குறித்துக்கொண்டார். அவருடைய மனைவியார் எதெல் புகைப்படம் எடுத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில், 425 பிரதிகளாக 1908இல் அச்சாகி முடிந்தது. ஹபுவிதையின் நகவேலையை உலகம் அறிந்தது அந்நூலால்தான். தமிழர் ஒருவர் சிங்களக் கைவினைஞனின் நகத்துக்கும் நெருப்புக்கும் செய்த அந்த மரியாதை, இரு இனத்தாரும் நெஞ்சில் வைத்துப் போற்றத்தக்கது.

ஆயினும் உரிமைச் சட்டத்தின் கண்கொண்டு அந்நூலை நோக்கும்போது ஒரு வேதனை எழுகிறது. குமாரசுவாமி 1947ஆம் ஆண்டு செப்டெம்பரில் காலமானார். ஆசிரியனின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் என்று இன்றைய இலங்கைச் சட்டம் வகுத்திருக்கும் கணக்கின்படி அவருடைய எழுத்துக்கு 2017ஆம் ஆண்டு முடியும்வரை காவல் உண்டாகியிருக்கும். அவ்வெழுத்து வருணித்த கோலங்களுக்கும், அவற்றைத் தம் நகத்தினால் கிள்ளி அமைத்தவருக்கும் ஒரு நாட் காவலும் இருந்ததில்லை. இது அவர் தவறன்று. கைவினைஞரின் வாழ்வுக்கு நிலத்தை மீட்டுத்தர வேண்டுமென்று உள்ளம் உருகியவர் அவர். பார்த்து எழுதியவனை ஆசிரியனென்று கொண்டு, செய்தவனைப் பொருளென்று கொண்ட சட்டத்தின் பிழை அது.

சுதந்திர இலங்கை தன் சொந்தச் சட்டத்தை 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டமாக இயற்றிக்கொண்டது. பதிப்புரிமை, வடிவமைப்பு, புத்தாக்க உரிமை, வியாபாரக் குறி ஆகிய நான்கையும் ஒரே கோவையில் அடக்கிய அதில், நாட்டார் கலைக்கும் ஓர் இடம் தரப்பட்டது. உலகில் அவ்வாறு இடம் தந்த முதல் தொகுதி நாடுகளில் இலங்கையும் ஒன்று என்பது பெருமைக்குரிய செய்தி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அந்த இடத்தை விரித்தது. அதன் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளை, வியாபார நோக்கத்துக்காகவோ அவற்றின் மரபான சூழலுக்குப் புறம்பாகவோ பிரதி செய்வதற்கு, அமைச்சர் நிர்ணயிக்கும் அதிகாரபீடத்தின் அநுமதி வேண்டுமென்று விதிக்கிறது. அவ்வகையில் சேரும் பணம் பண்பாட்டு அபிவிருத்திக்கே செலவிடப்பட வேண்டும். மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம், உள்நாட்டு நெசவு, நாட்டார் பாடல், நாட்டார் கூத்து யாவும் அதன் வரையறையில் வந்துவிடுகின்றன.

இச்சட்டம் பெயருள்ள கலைஞனை எவ்வாறு நடத்துகிறது என்பதையும் மாத்தளையிலேயே காணலாம். அலுவிகாரைக் குடும்பத்தில் சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகளாக 1922இல் பிறந்த ஏனா டி சில்வா, பற்றிக் சாயவேலையை இலங்கையின் தனிக்கலையாக ஆக்கியவர்களில் முதன்மையானவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் முகப்பு மண்டபத்துக் கூரையை 1969ஆம் ஆண்டளவில் அவருடைய பற்றிக் துணிகள் அலங்கரித்தன. 1980களில் சொந்த ஊருக்குத் திரும்பிய அவர், கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பற்றிக்கும் தையல் வேலையும் பழக்கி, ஆண்களுக்குத் தச்சும் பித்தளை வார்ப்பும் அமைத்துக்கொடுத்து, 2015இல் காலமானார். அவருடன் பணியாற்றத் தொடங்கிய லக்கி சேனாநாயக்க, 1979இல் வெளியான நாணயத் தாள்களில் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தவர். தம்புள்ளையை அடுத்த தியபுபுலவில் நீரும் மரமும் சூழ வாழ்ந்து 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார்.

லக்கி சேனாநாயக்க ஒரு தாளில் வரைந்த ஆந்தைக்கு 2091ஆம் ஆண்டு முடியும்வரை காவல் உண்டு. ஏனா டி சில்வா ஒரு துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றிய கோலத்தைப் பயன்கலை என்று கொண்டால், அதற்குச் சட்டம் தரும் காலம் செய்த நாளிலிருந்து 25 ஆண்டுகளே. அதனையே கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு செய்திருந்தால், ஐந்தைந்து ஆண்டுகளாக மும்முறை, ஆக 15 ஆண்டுகள். சுவரில் மாட்டினால் ஓர் ஆயுளும் எழுபதாண்டும், உடுத்தினால் இருபத்தைந்தாண்டு என்னும் இப்பாகுபாடு கையால் செய்யும் கலைக்கு நீதியானதன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். இங்கிலாந்திலும் தொழிற்சாலையில் பெருக்கிய கலைப்பொருளுக்கு 25 ஆண்டு என்ற வரம்பு இருந்தது. 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதனை நீக்கிவிட்டனர். இந்தியாவிலோ, பதிவு செய்யத்தக்க ஒரு கோலம் பதிவு செய்யப்படாமல் இயந்திர முறையில் 50 தடவைக்குமேல் பொருளில் ஏற்றப்பட்டால் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. எது கலை, எது வடிவமைப்பு என்று பிரித்தறியும் வழியை 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், இனொக்ஸ் நிறுவனத்தின் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் புதிதாக வகுத்துத் தந்தது: முதலில் அது தன்னளவில் நிற்கும் கலையா, அல்லது கலையிலிருந்து பிறந்து பொருளில் ஏறிய கோலமா என்று நோக்க வேண்டும், அதனால் தெளிவு பிறவாவிடில் அதன் முதன்மையான பயன் யாதென ஆராய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவையெல்லாம் பெயருள்ளவரின் வழக்குகள். ஹபுவிதைக்காரன் இவ்வாசல்களில் எதன் வழியாகவும் உள்ளே செல்ல முடியாது. அவன் கோலம் புதியதன்று. ஆதலால் வடிவமைப்பாகப் பதிய இயலாது. அதற்குத் தனியாசிரியன் இல்லை. ஆதலால் ஆயுட்கணக்கு இல்லை. அவனுக்குத் திறந்திருக்கும் கதவு மேற்சொன்ன 24ஆம் பிரிவு ஒன்றே. அதே கதவுக்குமுன் நம்மவரும் நிற்கின்றனர் என்பதைத் தமிழ் வாசகர் மறக்கலாகாது. மாத்தளைத் தோட்டங்கள் உள்ளிட்ட மலையகத்தில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துகளும், மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் திரட்டிய தொழிலாளர் பாடல்களும் அப்பிரிவின் பொருளாலே காவலுக்கு உரியனவே. ஹபுவித அரக்கும் தோட்டத்துக் கூத்தும் வேறு வேறு மொழி பேசுவோரின் சொத்து; சட்டத்தின் முன் இரண்டுக்கும் ஒரே நிலை.

அண்மை ஆண்டுகளில் வேறு சில கதவுகளும் திறந்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டை வழங்கிற்று. அதே ஆண்டில் புலமைச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டுக்குள்ளேயே அத்தகைய குறியீடுகளைப் பதியும் ஏடு ஒன்றுக்கு வழி செய்யப்பட்டது. புவிசார் குறியீடு புதுமையைக் கேட்பதில்லை. ஓர் ஊருக்கும் ஒரு பொருளின் கீர்த்திக்கும் உள்ள தொடர்பையே கேட்கிறது. கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்து அரக்குப் பொம்மைகள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே இந்தியாவில் அக்குறியீட்டைப் பெற்றுவிட்டன. தமிழகத்தில் பத்தமடைப் பாயும் தஞ்சாவூர் ஓவியமும் பெற்றிருக்கின்றன. ஹபுவித அரக்கு அவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மிளகையும் கொக்கோவையும் கொண்டு வாசனை நாடென்று பேர்பெற்ற மாத்தளை, தன் கைப்பணியைக் கொண்டும் அவ்வேட்டில் இடம்பெற வேண்டியது நியாயமே.

2024ஆம் ஆண்டு உலகப் புலமைச் சொத்து ஸ்தாபனத்தின் வரலாற்றில் விசேஷமானது. மே மாதத்தில் ஜெனீவாவில், மரபணு வளங்களையும் அவை சார்ந்த பாரம்பரிய அறிவையும் பற்றிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அது புத்தாக்க உரிமைகளோடு நின்றுவிடுவது. நவம்பர் 22ஆம் நாள் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் வடிவமைப்புச் சட்ட ஒப்பந்தம் நிறைவேறியது. வடிவமைப்பைப் பதியும் முறைகளை எல்லா நாடுகளிலும் எளிதாக்குவதே அதன் பிரதான நோக்கம். அதனுள்ளே, ஆபிரிக்க நாடுகள் பத்தாண்டுக் காலம் விடாமல் வாதாடியதன் பயனாக, ஒரு வாசகம் இடம்பெற்றுவிட்டது: வடிவமைப்பைப் பதிய வருவோன், தன் கோலத்தின் தகுதியைப் பாதிக்கத்தக்கதாகத் தான் அறிந்துள்ள பாரம்பரிய அறிவையும் பண்பாட்டு வெளிப்பாடுகளையும் விண்ணப்பத்திலேயே கூற வேண்டுமென்று ஒரு நாடு கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும் என்று அது கூறவில்லை. ஆனால் கேட்கும் உரிமை இப்போது ஏட்டில் ஏறியிருக்கிறது.

கேட்பதற்கு நம்மிடம் பதிவு இருக்க வேண்டும். அயல்நாட்டுத் தொழிற்சாலை ஒன்று இதழ் வரிசையையும் கொடியையும் ஒரு பிளாஸ்ரிக் தட்டில் அச்சிட்டு, அது தன் புதிய வடிவமைப்பு என்று எங்கேனும் பதிய முற்படுமானால், இது மாத்தளையில் நூற்றாண்டுகளாக வழங்கியது என்று காட்டுவதற்கு, பதிவாளர் கைக்கு எட்டும் ஓர் ஏடு வேண்டும். மஞ்சளுக்குக் காயத்தை ஆற்றும் சக்தி உண்டென்பதைத் தம் கண்டுபிடிப்பாக 1995இல் அமெரிக்காவில் பதிந்தவர்களின் உரிமையை, பழைய நூல்களைச் சான்றாகக் காட்டியே இந்தியா 1997இல் இரத்துச் செய்வித்தது. அந்த அநுபவத்தின்பின் 2001இல் பாரம்பரிய அறிவுக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. குமாரசுவாமியின் நூல் தன் பதிப்புரிமைக் காலம் கழிந்து இப்போது யாவர்க்கும் பொதுவாகிவிட்டமையால், ஹபுவிதைக்கு அத்தகைய களஞ்சியத்தின் முதல் ஏடு ஆயத்தமாகவே இருக்கிறது என்னலாம்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. மாத்தளையின் அரக்குக் கோலங்களையும், தம்புள்ளை மரபின் ஓவியக் கோலங்களையும், தோட்டங்களின் கூத்துகளையும் பாடல்களையும், அவற்றை இன்று கையில் வைத்திருக்கும் குடும்பங்களின் சம்மதத்தோடும் பெயரோடும், படமாகவும் ஒலியாகவும் மும்மொழியிலும் பதிந்து, தேசியப் புலமைச் சொத்து அலுவலகத்திலும் தேசிய அருங்கலைகள் பேரவையிலும் மாத்தளை நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி வைக்க வேண்டும். 24ஆம் பிரிவு கூறும் அதிகாரபீடத்தில் கைவினைஞருக்கும் கூத்துக் கலைஞருக்கும் ஆசனம் இருக்க வேண்டும். அதன்வழி சேரும் பணத்தில் ஒரு பகுதி அவர்கள் பட்டறைக்கும் களரிக்கும் நேரே போய்ச் சேர வேண்டும். ரியாத் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குப் பதினைந்து தரப்பினர் அதனை உறுதிப்படுத்த வேண்டும். அத்தொகை நிரம்புமுன் மாத்தளையின் ஏடு எழுதப்பட்டாக வேண்டும். அதற்கு மாத்தளையின் ஆசிரியர்களும் மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் அரசாங்கத்தின் அழைப்புக்குக் காத்திராமல் இன்றே முன்வருமாறு வேண்டிக்கொள்கிறேன்.